கல்லில் தோற்ற வெள்ளி

ஹிஸ்கேயின் காது பொய் சொல்லாது என்பதை ஹார்லிங்கன் என்ற துறைமுக ஊரின் சபையார் ஏறக்குறைய ஒரு விசுவாசப் பிரமாணமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் வாழ்நாளெல்லாம் பாட்டுக் கற்பித்தவள். பின்வரிசையில் ஒரு பையன் பாடாமல் வாயை மட்டும் அசைத்து ஏய்த்தால், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றபடியே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஓய்வு பெற்றபின் அந்தக் காது நாணயங்களின் பக்கம் திரும்பியது.

தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் நாணயம் பிரிக்கும் வேலை நடக்கும். விடுமுறைக்குப் போய் வந்தவர்களின் கோட்டுப் பைகளிலும் இறந்துபோனவர்களின் மேசை இழுப்பறைகளிலும் தங்கிவிட்ட வெளிநாட்டுக் காசுகளை ஊரார் தகரப் பெட்டிகளில் போட்டு மிஷன் ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் தத்தம் பணத்தைக் கைவிட்டு யூரோவுக்கு மாறிய பிறகு பெட்டிகள் நிரம்பி வழிந்தன. செல்லாத காசு எடைக்குத்தான் போகும். ஆனால் அந்தக் குவியலில் எங்காவது வெள்ளி ஒளிந்திருக்கும். அதை இனங்கண்டு எடுப்பதுதான் வேலை.

வேலையில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஓய்வுபெற்ற கசாப்புக்கடைக்காரர் ஊட்ஸ் முதலில் காந்தத்தால் குவியலைத் துழாவுவார். ஒட்டுவதெல்லாம் ஒரு வாளிக்குப் போகும். எஞ்சியவற்றில் ஹிஸ்கேயின் தோழி டௌட்சன் ஆண்டு பார்ப்பாள். ஜெர்மனியின் ஐந்து மார்க்கில் எழுபத்து நான்கு வரை வெள்ளி உண்டு, அதற்கு மறு ஆண்டு இல்லை. ஸ்விஸ் பிராங்கில் அறுபத்தேழோடு சரி. இங்கிலாந்துக் காசில் போர் முடிந்த மறு ஆண்டு வரை பாதி வெள்ளி, அதன்பின் பொட்டும் இல்லை. இதெல்லாம் டௌட்சனுக்குப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும். ஆண்டு தேய்ந்தவை, ஆண்டை நம்ப முடியாதவை, எந்த நாடென்றே புரியாதவை ஆகியவை மட்டும் ஹிஸ்கேயிடம் வரும்.

ஹிஸ்கேயின் முன்னால் ஒரு கல் இருந்தது. தேவாலயத் தரையைப் புதுப்பித்தபோது உடைந்த பழைய கல்லறைப் பலகை ஒன்றின் மூலை அது. யாருடைய பெயரோ இரண்டே எழுத்துகளாக அதில் மிஞ்சியிருந்தது. நாணயத்தை ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் விடுவாள். வெள்ளி கணீரென்று எழுந்து, நீண்டு, மெல்ல அடங்கும். நிக்கல் சட்டென்று பேசி நிறுத்திக்கொள்ளும். ஈயம் கலந்த போலி ‘தொப்’பென்று விழும். கல்லில் தேறியது தராசுக்குப் போகும். கல்லில் தோற்றது தராசு ஏறாது, நேரே தள்ளுபடிப் பெட்டிக்கு. அந்தக் கடைசி விதியை வகுத்தவள் ஹிஸ்கேதான். நேரம் மிச்சமாகும் என்று சொல்லி வகுத்தாள்.

லாமர்ட் வந்தது ஒரு ஜனவரிச் செவ்வாய்க்கிழமை. எண்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் உழைத்து, காதுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். கேட்பதற்குப் பயன்படாவிட்டாலும் ஊரில் அவ்வளவு பெரிய காதுகள் வேறு யாருக்கும் கிடையாது. ஜாடியின் கைப்பிடிகளைப் போல அவை இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். காதுக்கருவி ஒன்று வைத்திருந்தார். பெரும்பாலும் சட்டைப் பையில். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்.

“கதவச் சாத்துங்க லாமர்ட், காத்து உள்ள வருது,” என்றார் ஊட்ஸ். “உள்ள இருக்கற டௌட்சன் காத்தே எங்களுக்குத் தாங்கல.”

“நீ அந்தக் காந்தத்த உன் மண்டையில வச்சுப் பாரு,” என்றாள் டௌட்சன். “அப்படியே ஒட்டிக்கும்.”

லாமர்ட் தொப்பியைக் கழற்றி, கோட்டின் உட்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, அதிலிருந்ததை ஹிஸ்கேயின் முன்னால் வைத்தார். உள்ளங்கையை நிறைக்கும் அகலமான நாணயம். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் பருத்த மார்பும் முக்காடிட்ட தலையும் அதில் இருந்தன. அந்த நாணயத்தை எந்த ஆண்டு அடித்தாலும் பேரரசி இறந்த ஆண்டையே போடுவார்கள். அரபு நாடுகளின் சந்தைகளில் அதற்கு அவ்வளவு மதிப்பு. மதிப்புக்கு ஏற்பப் போலிகளும் அதிகம்.

“மிஷனுக்குக் குடுத்திடலாம்னு எடுத்துட்டு வந்தேன்,” என்றார் லாமர்ட். “எனக்கப்புறம் யாரு இருக்கா? கண்டவன் கையில போறதுக்கு நல்ல காரியத்துக்குப் போகட்டும். அப்பா கடைசிப் பயணத்துல அம்மாவுக்குன்னு வாங்கினது. செங்கடல் பக்கம் எங்கயோ. ஆள் வரல, இது வந்துது. சுத்த வெள்ளி. போர்க் காலத்துல சாப்பாட்டுக்கே வழியில்ல, அப்பவும் அம்மா இத விக்கல.”

ஹிஸ்கே நாணயத்தைக் கையில் எடுத்தாள். சற்று இலேசாக இருப்பதாகப் பட்டது. பேரரசியின் கூந்தல் மடிப்புகளில், துடைக்கும் துணி எட்டாத பள்ளங்களில், கறுப்புப் படிந்திருந்தது. அந்தக் கறுப்பு வெள்ளிக்கு மட்டுமே உரியது. தகரத்தில் அப்படிப் படியாது. அவள் கண் அதைப் பார்த்தது. ஆனால் ஊட்ஸ் காந்தத்தைக் கீழே வைத்திருந்தார். டௌட்சன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். அறை முழுவதும் அவள் காதுக்காகக் காத்திருந்தது. கண்ணுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நாணயத்தைக் கல்லின்மேல் விட்டாள்.

‘தொப்.’

ஈரமண்ணில் விழுந்த பொத்தானின் ஓசை. ஹிஸ்கே புருவத்தை உயர்த்தினாள். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காது கேளாதவரிடம் பேசும் குரலில், கூடத்தின் கோடிவரை எட்டும்படி சொன்னாள்: “லாமர்ட், அரபு தேசத்துல பிஸ்கட் டப்பா மூடியிலயும் ராணி படம் போடுவாங்க போலிருக்கு!”

ஊட்ஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். டௌட்சன் சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாமர்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என்ன சொன்னார்கள் என்பது புரிவதற்கு முன்பே அவரும் கொஞ்சம் புன்னகைத்திருந்தார். புரிந்தபின் அந்தப் புன்னகையை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

“தகரமா?” என்றார்.

“தகரம், ஈயம், எதுவோ ஒண்ணு. உங்கப்பாவ எவனோ நல்லா ஏமாத்திட்டான்.”

“அவர் பதினாலு வயசுலேருந்து கடல்ல இருந்தவர். அவர யாரும் ஏமாத்த முடியாது,” என்று மெதுவாகச் சொன்னார் லாமர்ட். சொல்லி முடித்ததும், அப்படியானால் அப்பா தெரிந்தேதான் தகரம் வாங்கினார் என்பதில் அந்த வாக்கியம் போய் நிற்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கைக்குட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டார், நாணயத்தை எடுக்கவில்லை.

ஹிஸ்கே அதைத் தள்ளுபடிப் பெட்டியில் போட்டாள். அங்கேயும் அது ‘தொப்’பென்றே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் லாமர்ட்டின் இடம் காலியாக இருந்தது. பிரசங்கம் தொடங்கியதும் காதுக்கருவியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கண்மூடி உட்காரும் மனிதர் அவர். ஆனாலும் வராமல் இருந்ததில்லை. ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது டௌட்சன் ஹிஸ்கேயின் முழங்கையைத் தொட்டாள்.

“நேத்து அவருக்கு சூப் எடுத்துட்டுப் போனேன்டி. அவங்கப்பா போட்டோ ஒண்ணு சுவர்ல மாட்டியிருக்குமே, மாலுமித் தொப்பியோட, அதக் கழட்டிட்டாரு. எங்கேன்னு கேட்டேன். ‘அந்த ஆள் எங்கம்மாவுக்குத் தகரத்த வாங்கிட்டு வந்தவன், அவனுக்குச் சுவர் எதுக்கு’ங்கறாரு. பத்து வயசுல போன அப்பனோட இப்ப சண்டை பிடிக்கறாரு. என்னத்தச் சொல்ல.”

“நான் சொன்னது உண்மைதானே?” என்றாள் ஹிஸ்கே.

“உண்மைதான். யாரு இல்லன்னா? உன் காதாச்சே.” டௌட்சன் பிஸ்கட்டைக் காபியில் நனைத்தாள். “சொன்ன விதந்தான் கொஞ்சம்...”

அதை அவள் முடிக்கவில்லை. முடிக்காமல் விடப்பட்ட வாக்கியங்களை மனத்துக்குள் முடித்துவைப்பது ஹிஸ்கேயின் பழக்கம். அந்த வாக்கியம் அன்றைக்கு முழுவதும் முடிந்துகொண்டே இருந்தது. அதனூடே ஒரு கறுப்பு நிறமும் வந்து வந்து போனது: கூந்தல் மடிப்பில் படிந்திருந்த கறுப்பு.

புதன்கிழமை பிற்பகல் அவள் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். தள்ளுபடிப் பெட்டிகள் இன்னும் எடைக்குப் போயிருக்கவில்லை. கையை விட்டுத் துழாவி நாணயத்தை எடுத்து, சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கறுப்பு இருந்தது. அடுக்களைக்குப் போய், கோடைப் பானங்களுக்கென்று வைத்து உறைபெட்டியில் மிஞ்சியிருந்த பனிக்கட்டிகளில் இரண்டை எடுத்து, ஒன்றை ஒரு நிக்கல் காசின் மேலும் மற்றொன்றைப் பேரரசியின் மேலும் வைத்தாள். வெள்ளியைப் போல வெப்பத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. நிக்கலின் மேலிருந்த கட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பேரரசியின் மேலிருந்தது, அடுப்பில் வைத்ததுபோல் அடியிலிருந்து உருகி, வழுக்கி, மேசையில் இறங்கியது.

வெள்ளிதான்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வெள்ளி ஏன் தகரத்தின் குரலில் பேசியது? விளிம்பை விரலால் தடவிச் சுற்றி வந்தாள். விளிம்பில் லத்தீன் சொற்கள் புடைத்திருந்தன. நீதியும் கருணையும் என்பது அவற்றின் பொருள் என்று போதகர் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தச் சொற்களுக்குச் சற்று மேலே, நகம் மட்டுமே உணரக்கூடிய ஒரு கோடு முழுச் சுற்றாக ஓடியது. அத்தகைய நாணயங்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள்; கையில் பட்டதில்லை. நாணயத்தை இரண்டு தகடாக அறுத்து, உள்ளே குடைந்து, திருகு மரை வெட்டி, சிமிழ்போல மூடித் திறக்கும்படி செய்வார்கள். குடைந்த வெள்ளி இலேசாகத்தான் இருக்கும். மணி அடிக்காது. தராசில் வைத்திருந்தால் எடை குறைவு, ஆனால் போலிக்கும் பொருந்தாத குறைவு என்று தெரிந்திருக்கும். சந்தேகம் எழுந்திருக்கும். சந்தேகத்துக்கு இடமில்லாத விதியை வகுத்தவள் அவளேதான்.

இடப்பக்கம் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. ஜாம் புட்டி திறக்கும் ரப்பர்த் துணியை எடுத்து இருபுறமும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். சாதாரண இறுக்கமில்லை அது. பழமையால் இறுகியது என்றும் சொல்ல முடியாது. மரையில் துருவோ அழுக்கோ இல்லை. யாரோ திரும்பத் திரும்ப, காலமெல்லாம் இறுக்கியதுபோல் இருந்தது. கடைசியில் ஒரு சிறு கிறீச்சலுடன் விட்டுக்கொடுத்தது.

உள்ளே, வட்டமாக வெட்டிய ஒரு புகைப்படம். வெயில் கண்ணைக் கூசவைக்கும் ஏதோ ஒரு வாசற்படியில் ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாமர்ட்டின் தாயை ஹிஸ்கே பார்த்திருக்கிறாள். நெட்டையான, வெளுத்த, சிரிக்காத பெண்மணி. இவள் அவளில்லை. மடியில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று. அது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஆனால் அதன் காதுகள் இருபுறமும் ஜாடியின் கைப்பிடிகளைப் போல நீட்டிக்கொண்டிருந்தன.

ஹிஸ்கே அவசரமாக நாணயத்தை மூடினாள். பிறருடைய படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டவளின் அவசரம் அது. வலப்பக்கம் திருகி, ரப்பர்த் துணியைச் சுற்றி, தன் பலம் முழுவதையும் செலுத்தி இறுக்கினாள். படத்தை வெளியே எடுத்துவிடலாம் என்ற எண்ணம் அதற்குப் பின்பே வந்தது. சபையின் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட எடுத்துப்போகாதவள், ஒரு மனிதரின் தகப்பனை எடுத்துப்போக எப்படித் துணிவாள்? நாணயத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கூடத்தைப் பூட்டினாள்.

ஊரறியச் செய்த குற்றத்தை ஊரறியவே அறிக்கையிட வேண்டும் என்பது அந்தச் சபையின் பழைய ஒழுங்கு. ஹிஸ்கே சிறுமியாக இருந்தபோது ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் எடையில் ஏய்த்ததற்காக ஆராதனை நடுவில் எழுந்து நின்றதும், அவருடைய கழுத்து காலர் விளிம்பிலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போனதும் அவளுக்கு நினைவிருந்தது. இப்போதெல்லாம் யாரையும் அப்படி நிறுத்துவதில்லை. ஆனால் ஒழுங்கு மறைந்தாலும் ஒழுங்கில் வளர்ந்தவர்கள் மறைவதில்லை. கூடத்தில் வைத்துச் சொன்னதைக் கூடத்தில் வைத்தே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதில்தான் சிக்கல். அது வெள்ளி என்று சொன்னால், ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்பார்கள். ஏன் ஒலிக்கவில்லை என்று சொன்னால், திறந்து காட்டு என்பார்கள். ஒரு தகப்பனைச் சுவருக்குத் திருப்பியனுப்ப வேண்டுமானால் அவருடைய வாயை மூடியே அனுப்ப வேண்டும். ஆகவே தன் காதில் கோளாறு என்று சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள். தண்டனையாகவும் அது சரியாகப்பட்டது.

திங்கட்கிழமை லாமர்ட்டின் வீட்டுக்குப் போனாள். சுவரில் படம் இருந்த இடத்தில், புகையேறாத சுவர்க்காகிதம் வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. அவர் அவளுக்கு நாற்காலி காட்டினார், காபி கொடுத்தார், டப்பாவைத் திறந்து, அந்த ஊர் வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொல்லி மூடினார். குறையொன்றும் இல்லாத உபசாரம். அதனாலேயே தாங்க முடியவில்லை.

“நாளைக்குக் கூடத்துக்கு வரணும், லாமர்ட்,” என்றாள் சத்தமாக, உதடுகள் தெரியும்படி.

“எதுக்கு? இன்னொரு தடவ சிரிக்கவா?”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “இல்ல. நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. எல்லார் முன்னாலயும்.”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எதைப் படித்தாரோ. “அம்மா சாகற வரைக்கும் அத கையிலயே வச்சிருந்தா,” என்றார். “விரலப் பிரிச்சுதான் எடுத்தேன். ‘உங்கப்பா எனக்குன்னு வாங்கினது’ன்னு எத்தன தடவ சொல்லியிருப்பா. தகரம்னு தெரியாமயே போய்ச் சேந்துட்டா, பாவம்.”

கைப்பைக்குள் நாணயம் இருந்தது. அந்த நொடியிலேயே எடுத்து வைத்து, வெள்ளி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னிலையிலும்தான் சொல்ல வேண்டும் என்ற நியாயத்துக்குப் பின்னால், தன்னைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு முகத்துக்குச் சொல்லப் பயப்படும் கோழைத்தனம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தே எழுந்து வந்தாள்.

மறுநாள் அவர் வந்தார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அணிந்திருந்தார். ஊட்ஸ் நாற்காலி இழுத்துப் போட்டார். வழக்கமான கேலி எதுவும் சொல்லவில்லை. ஹிஸ்கே எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம், ஆனாலும் நின்றாள்.

“போன வாரத்துக்கு முந்தின வாரம் லாமர்ட்டோட நாணயத்தத் தகரம்னு சொன்னேன். எல்லாரையும் சிரிக்கவும் வச்சேன். அது தப்பு. அது வெள்ளி. பனிக்கட்டி வச்சுப் பாத்தேன், சந்தேகமே இல்ல. என் காது முன்ன மாதிரி இல்ல போலிருக்கு. நான்...” இங்கே குரல் கொஞ்சம் பிசிறியது, பாட்டு டீச்சருக்கு அது பெரிய அவமானம். “நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.”

நாணயத்தை லாமர்ட்டின் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுக்கவில்லை. காதுக்கருவியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, அதன் திருகை இரண்டு தடவை சரிசெய்தார்.

“அப்போ கல்லுல போடு,” என்றார். “எல்லாரும் கேக்கட்டும்.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எதையெதையோ யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. “லாமர்ட், கல்லு... இப்ப கல்லு தேவையில்ல. நான்தான் சொல்றேனே.”

“அன்னிக்கும் நீதான் சொன்ன,” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். “போடு.”

நாணயத்தை எடுத்தாள். உயரத்தைக் குறைத்து விடலாமா என்று கை ஒருகணம் தயங்கியது, குறைக்கவில்லை. அதே ஒரு சாண். விட்டாள்.

‘தொப்.’

ஊட்ஸ் மேசையைப் பார்த்தார். லாமர்ட்டுக்கு, கருவியோடு கூட, கல்லில் ஏதோ பட்டது என்பதற்கு மேல் எதுவும் எட்டியிருக்காது. அவர் வழக்கம்போல முகங்களைப் படிக்கத் தொடங்கினார்: முதலில் ஹிஸ்கே, பிறகு ஊட்ஸ், பிறகு டௌட்சன். டௌட்சனின் முகத்தில் அவர் பார்வை வந்து நின்ற அதே நொடியில் அவள் இரு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அம்மாடியோ! தேவாலய மணி மாதிரில்ல இருக்கு! இன்னும் ஓயல பாரேன்!”

“ஆமாமா,” என்றார் ஊட்ஸ், தொண்டையைச் செருமிக்கொண்டு. “சுத்த வெள்ளி. அன்னிக்கு இவ காதுல பஞ்சு வச்சிருந்திருப்பா. வயசாச்சுல்ல டீச்சருக்கு.”

லாமர்ட் சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாணயத்தை எடுத்து, கல்லில் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

“மிஷன் மன்னிக்கணும். இத இப்ப குடுக்க மனசு வரல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். போட்டோ மாட்டற ஆணியயும் பிடுங்கிட்டேன் முட்டாள், திரும்ப அடிக்கணும்.”

அடுக்களையில் காபிக் கோப்பைகளைக் கழுவும்போது டௌட்சன் பின்னாலிருந்து வந்து ஹிஸ்கேயின் தோளை இறுக்கிப் பிடித்தாள். அவள் கண்கள் நனைந்திருந்தன.

“உங்கிட்ட இப்படியொரு மனசு இருக்குன்னு எனக்கு இத்தன வருஷம் தெரியாமப் போச்சேடி. அந்தக் கிழவனுக்காகத் தகரத்த வெள்ளின்னியே! உன் காதயே விட்டுக்குடுத்துட்டியே!”

“டௌட்சன், அது வெள்ளிதான்.”

“ஆமா ஆமா, வெள்ளிதான்,” என்று அவள் கண்ணைச் சிமிட்டினாள். “கர்த்தர் இதெல்லாம் கணக்குல எழுத மாட்டாரு.”

“நிஜமாவே வெள்ளி. பனிக்கட்டி வச்சுப் பாத்தேன்.”

“எனக்கும் காது இருக்கு. விடு. நானும் ஊட்ஸும் வாயத் திறக்க மாட்டோம், சரியா?”

ஹிஸ்கேயின் கையில் ஈரக் கோப்பை இருந்தது. அவள் சொன்ன ஒரே உண்மையை அவர்கள் பொய்யென்று எடுத்துக்கொண்டு, அந்தப் பொய்க்காக அவளை மெச்சுகிறார்கள். மறைத்ததோ யாருக்கும் தெரியவில்லை. அவள் இழக்கத் தயாராக இருந்த காது ஊரில் முன்னைவிட உறுதியாகிவிட்டது. அதனுடன் கூடவே இல்லாத ஒரு நல்ல மனமும் சேர்ந்துகொண்டது. இதை எப்படித் திருத்துவது? திருத்தப் போனால் நாணயத்தைத் திறக்க வேண்டியிருக்கும். கோப்பையைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

லாமர்ட் கிளம்புவது சன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள். துறைமுகத்திலிருந்து வந்த காற்று அவருடைய கோட்டைப் புடைத்துக்கொண்டிருந்தது. காதுக்கருவி ஏற்கெனவே பைக்குத் திரும்பியிருந்தது. கையில் நாணயத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஹிஸ்கே,” என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே. “நீ எழுந்து நின்ன பாரு, அது பெரிய விஷயம். எங்க கப்பல்ல ஒரு கேப்டன்கூட அப்படி நின்னதில்ல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா. ஜன்னலோரம் உக்காந்து இதத் திருகிட்டே இருப்பா, தெரியுமா? ஜெபம் பண்றப்பவும் திருகல்தான், உருளைக்கிழங்கு வேகறப்பவும் திருகல்தான். ‘ஏம்மா, ராணிக்குத் தலை சுத்தப்போவுது’ன்னு நான் சிரிப்பேன். அவ சிரிக்க மாட்டா.”

“எந்தப் பக்கம்?” என்றாள் ஹிஸ்கே. கேட்டபின்புதான், கேட்டுவிட்டது உறைத்தது.

அவர் உதடுகளைப் படித்துவிட்டார். “எந்தப் பக்கம்னா?”

“எந்தப் பக்கமா திருகுவாங்க?”

வினோதமான கேள்விதான். ஆனாலும் தாயைப் பற்றிய கேள்வி. அவர் கண்களை மூடி யோசித்தார். பிறகு நாணயத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, பழைய கொதிகலனின் அடைப்பைப் பூட்டும் கைகளால், நினைவில் இருந்தபடியே திருகிக் காட்டினார்.

வலப்பக்கம்.

ஹிஸ்கே தன் பலத்தையெல்லாம் செலவழித்து இறுக்கிய நாணயம், அந்தக் கைகளுக்குள் இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்து, மெல்லியதாய்க் கிறீச்சிட்டது. லாமர்ட் அதைக் கேட்கவில்லை. இன்னும் கண்களை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் காது கேட்டது.

“குளிருது,” என்றாள் அவள் சத்தமாக. “பையில போட்டுக்கங்க.”